வெயிலைப் பிடித்தவர்!

மூன்று பொடியன்கள். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. கடற்கரை ஈர மணலில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். நனைந்த முதுகில் சூரியன் வழுக்கி வழுக்கி விழுகிறது. அவ்வளவுதான் படம். கதை கிடையாது, கருத்து கிடையாது. மாட்ரிட் நகரத்தில், பிராடோ மியூசியத்தில், ராஜா ராணிகளும் புனிதர்களும் விறைப்பாக நிற்கிற அதே கட்டடத்தில் இந்த மூன்று வாண்டுகளும் ஜம்மென்று படுத்திருக்கின்றன.

வரைந்தவர் பெயர் ஹோவாக்கின் சொரோயா. ஸ்பெயின்காரர். (பெயர் தொண்டையில் கொஞ்சம் சிக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.) படத்தின் வருஷம் 1910.

'வெயில்ல ஆட்டம் போடற பசங்களை வரையறது ஒரு பெரிய விஷயமா சார்? எங்க ஆபீஸ் காலண்டர்லகூடத்தான் இருக்கு' என்பீர்கள். அந்தக் காலத்து மேதாவிகள் சிலரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்கள். பிக்காஸோ கோஷ்டி மூக்கையும் கண்ணையும் இடம் மாற்றி வைக்க ஆரம்பித்துவிட்ட நேரம். சொரோயா மேலோட்டம், சந்தோஷத்தை விட்டால் வேறு சரக்கில்லாதவர் என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

எனக்கென்னவோ அந்தச் சந்தோஷம் சும்மா வந்ததாகத் தோன்றவில்லை. லெட்ஜரைப் புரட்டினால் (பி.காம். புத்தி, போகமாட்டேன் என்கிறது!) வரவுப் பக்கம் நிரம்புவதற்கு முன்பே பற்றுப் பக்கம் வழிகிறது.

1863-ல் வாலென்சியா நகரத்தில் பிறந்தார். 1865-ல் ஊருக்குள் காலரா வந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இரண்டு வயசுப் பையனும் ஒரு கைக்குழந்தைத் தங்கையும். அம்மாவின் சகோதரி வீட்டில் எடுத்து வளர்த்தார்கள். அவர் கணவருக்குப் பூட்டுப் பட்டறைத் தொழில். பையனும் பூட்டு செய்து பிழைத்துக்கொள்வான் என்று பட்டறையில் உட்கார்த்தி வைத்தார். பையனுக்கோ சாயங்கால டிராயிங் வகுப்பில்தான் கண். மனுஷர் நல்ல மனுஷர், தடுக்கவில்லை.

பிறகு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் தீட்ட வேண்டும். முதலாளி அன்டோனியோ கார்ஸியா. முதலாளிக்கு ஒரு பெண், க்ளோதில்தே. இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று நம் சினிமா பார்த்த யாரும் சொல்லிவிடலாம். 1888-ல் கல்யாணம். வில்லன் இல்லை, சண்டைக் காட்சி இல்லை, மாமனாரும் கட்சி மாறவில்லை. அந்தம்மா வீட்டுக் கணக்கோடு படம் விற்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஓவியர்களில் இந்த யோகம் வாய்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

சொரோயாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு பிடிவாதம். எதை வரைந்தாலும் வெளியில் நின்று, நிஜ வெளிச்சத்தில் வரைய வேண்டும். 1884-ல், நெப்போலியன் படையை எதிர்த்து மாட்ரிட் மக்கள் கிளம்பிய கலவரத்தை வரைய வேண்டியிருந்தது. ஆசாமி என்ன செய்தார் தெரியுமா? காளைச் சண்டை மைதானத்துக்குப் போய், மாடல்களை நிறுத்தி, வெடிமருந்துப் புகை போட்டு வரைந்தார். அப்போது வயது இருபத்தொன்று!

வெளியில் நின்று வரைவது சௌகரியமான காரியம் என்று யாராவது நினைத்தால், அவர் கடற்கரையில் வேலை செய்கிற பழைய போட்டோக்களைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் காற்றுக்குத் தடுப்பாகத் துணி மறைப்பு. தலைக்கு மேலே குடை. நடுவில் தொப்பியும் கோட்டுமாக நம்மாள். குடை அவருக்கு மட்டுமல்ல, கான்வாஸுக்கும்தான். வெள்ளைக் கான்வாஸில் நேராக வெயில் அடித்தால் கண் கூசும், போட்ட கலர் எல்லாம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் படம் சாயங்காலம் மாதிரி இருண்டு கிடக்கும்.

அடுத்தது நேரம். சூரியன் யாருக்கும் எக்ஸ்டென்ஷன் தருவதில்லை. பத்தரை மணி நிழல் பதினொன்றரைக்கு இருக்காது. கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் மறுநாள் அதே மணிக்கு வந்து நிற்க வேண்டும். மறுநாள் மேகம் வந்தால்? போச்சு. மாடலோ ஏழு வயசுப் பையன். அவனை அசையாதே என்று சொல்வதும் அலையை அசையாதே என்று சொல்வதும் ஒன்றுதான். அதனால்தான் அவர் தூரிகை அத்தனை வேகம். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் வண்ணத் தீற்றல். நாலடி பின்னால் வந்தால் அது நனைந்த தோள்பட்டை.

இன்னொரு சமாசாரம். வெயிலில் விழுகிற நிழல் கறுப்பில்லை. சந்தேகமிருந்தால் நல்ல வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரில் விழும் உங்கள் நிழலையே பாருங்கள். மேலே இருக்கிற வானத்து நீலம் அதில் கலந்திருக்கும். பக்கத்தில் ஈர மணல் இருந்தால் அதிலிருந்து மஞ்சள் எகிறி வந்து உடம்பின் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அவர் படத்தில் பையன்களின் நிழல் ஊதாவாக இருப்பதும், வயிற்றுப் பக்கம் ஆரஞ்சு மினுமினுப்பதும் கற்பனை அல்ல, பார்த்தது. ஓவியர்கள் இப்படி வெளியே கிளம்ப முடிந்ததற்கு 1841-ல் ஓர் அமெரிக்கர் கண்டுபிடித்த தகர ட்யூப் முக்கியக் காரணம். பெயிண்டை அதில் அடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். நாம் தினமும் காலையில் பல் தேய்க்கப் பிதுக்குகிறோமே, அதற்கு அண்ணன் முறை.

ஆனால் அந்தக் கடற்கரையில் சந்தோஷம் மட்டும் இல்லை. 1894-ல் ஒரு படம். படகின் அடித்தளத்தில், கடலில் அடிபட்ட பையன் ஒருவன் கிடக்கிறான். இரண்டு கிழவர்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். படத்தின் தலைப்பு: 'இதற்கப்புறமும் மீன் விலை ஜாஸ்தி என்கிறார்களே!' ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டில் அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் கவனிக்க.

1899-ல் இன்னொன்று. வழக்கம்போல மீனவர்களை வரைந்துகொண்டிருந்தார். தூரத்தில், கறுப்பு அங்கி போட்ட ஒரு துறவி சிறுவர் கூட்டமொன்றைக் குளிக்க அழைத்து வருகிறார். ஆதரவில்லாத, நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். ஒருவனுக்கு இளம்பிள்ளை வாதம். சூம்பிய கால், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். அதே கடல், அதே வெயில். சிரிப்பு மட்டும் இல்லை. அனுமதி வாங்கி வரைந்தார். 'சோகமான பரம்பரைச் சொத்து' என்று பெயர் வைத்தார். அப்பன் குடித்தான், ஆத்தாள் கெட்டாள், அதனால்தான் பிள்ளை இப்படி என்று நம்பிய காலம். (போலியோவுக்கு வைரஸ் காரணம் என்று தெரிந்தது 1908-ல்.) 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு. உலகப் புகழ். இன்னொருவராக இருந்தால் அதே ஃபார்முலாவில் இன்னும் பத்து படம் போட்டிருப்பார். சொரோயா போடவில்லை. அதை வரையும்போது பட்ட வேதனை போதும் என்றார்.

இரண்டு வயதில் அநாதையானவருக்கு, அநாதைப் பிள்ளைகளை வரைந்துதான் உலகப் புகழ் வந்தது. அதன் பிறகு அவர் பாட்டுக்கு ஓடுகிற, குதிக்கிற, குதிரையைக் குளிப்பாட்டுகிற பிள்ளைகள் பக்கம் போய்விட்டார். இதை மேலோட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சொந்தப் பிள்ளைகள் மூன்று. மரியா, ஹோவாக்கின், எலேனா. மூத்தவளுக்கு 1906-ல் காசநோய். அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பிரார்த்தனை. மாட்ரிட் பக்கத்தில் எல் பார்தோ காட்டுப் பகுதியில் குடும்பத்தோடு போய்த் தங்கினார். 1907-ல் அங்கே வரைந்த ஒரு படத்தில் மரியா வெளியில் உட்கார்ந்து, தானே வரைந்துகொண்டிருக்கிறாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

1909-ல் நியூயார்க் கண்காட்சி. 356 படங்கள். ஒரே மாதத்தில் சுமார் 1,60,000 பேர் பார்த்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் கூப்பிட்டுத் தன் படம் வரையச் சொன்னார். அந்தக் கோடையில் வாலென்சியா திரும்பியவர் கடற்கரையே கதியென்று கிடந்தார். நல்ல படங்கள் பல அப்போது வந்தவைதான்.

அப்புறம் வந்தது காண்ட்ராக்ட். கண்காட்சி நடத்திய அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆர்ச்சர் ஹண்டிங்டன், தன் ஹிஸ்பானிக் சொசைட்டி நூலகத்தின் சுவர் முழுக்க ஸ்பெயினின் மாகாணங்களை வரைந்து தரச் சொன்னார். 1911-ல் கையெழுத்து. 1,50,000 டாலர். பதினாலு படங்கள், மூன்றரை மீட்டர் உயரம், வரிசையாக வைத்தால் சுமார் 70 மீட்டர் நீளம். வேறு ஆளாக இருந்தால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து முடித்திருப்பார். இவருக்குத்தான் வெளியில் நின்று வரைகிற வியாதி ஆயிற்றே! ஊர் ஊராக, டூரிங் டாக்கீஸ் மாதிரி, பிரம்மாண்டமான கான்வாஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். குளிர், மழை, புழுதி, சந்தைப் பன்றிகள், திருவிழாக் கூட்டம். மனைவிக்கு ஏறக்குறைய தினமும் கடிதம். களைப்பு, வீட்டு ஞாபகம், மறுபடி களைப்பு. வாலென்சியா கடற்கரை எப்போதாவது கிடைக்கிற லீவாகிப் போயிற்று. கடைசிப் படத்தை, அயாமொந்தே துறைமுகத்தில் சூரை மீன் பிடிப்பதை, 1919-ல் முடித்தபோது வயது ஐம்பத்தாறு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

1920 ஜூன். மாட்ரிட் வீட்டில் அவரே ஆசையாக அமைத்த தோட்டம். ஒரு எழுத்தாளர் நண்பரின் மனைவியை, வழக்கம்போல வெளியில், மர நிழலில் உட்கார வைத்து வரைந்துகொண்டிருந்தவர் பக்கவாதத்தில் விழுந்தார். எழுந்து, மறுபடி தூரிகையைப் பிடித்துப் பார்த்தார். வரவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் உயிரோடிருந்தார்; வரையவில்லை. 1923 ஆகஸ்ட் 10-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்த நியூயார்க் ஹால் திறந்தது 1926-ல். தன் பதினாலு படங்களும் சுவரேறியதை அவர் பார்க்கவேயில்லை. மாட்ரிட் வீட்டையும் அதிலிருந்த படங்களையும் க்ளோதில்தே நாட்டுக்கே எழுதி வைத்துவிட்டார். 1932-ல் அது மியூசியமாகத் திறந்தது. முதல் டைரக்டர், அப்பாவின் படங்களில் சின்னப் பையனாக நின்ற மகன் ஹோவாக்கின்.