வைரஸ் சுமந்து வந்த மருந்து

புனே நகரின் வடக்கே விஷ்ராந்த்வாடி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. ஒரு மாலை நேரம். படிப்பு வட்டத்துப் பெண்கள் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். ஓர் அம்மா கையில் செய்தித்தாளோடு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"டீச்சர், என் அண்ணன் மகனுக்கு 19 வயது. இரத்தப் புற்றுநோய். மருந்து கொடுத்தார்கள். குணமானது. இப்போது மறுபடியும் வந்துவிட்டது. வைரஸை வைத்து ஒரு புது வைத்தியம் செய்கிறார்களாம். பேப்பரில் போட்டிருக்கிறது. வைரஸ் என்றால் நோய்க் கிருமிதானே? அது எப்படி மருந்தாகும்?"

நல்ல கேள்வி. அன்றைய பாடம் அதுவே ஆனது. நாமும் அதைத் தெரிந்துகொள்வோம்.

புற்றுநோய் என்பது என்ன?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் மிக மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லும் தேவையான அளவு வளரும். இரண்டாகப் பிரியும். வயதானதும் சாகும். இதுதான் ஒழுங்கு.

எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று செல்லுக்கு யார் சொல்வது? செல்லுக்குள்ளேயே அந்தக் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மரபணு என்று பெயர். தாய் தந்தையிடமிருந்து நமக்கு வருபவை அவை.

சில சமயம் அந்தக் கட்டளையில் பிழை நேர்கிறது. செல் நிற்காமல் பெருகுகிறது. அதுதான் புற்றுநோய். இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இப்படிக் கட்டுமீறிப் பெருகினால் அது ஒரு வகை இரத்தப் புற்றுநோய். இது தொற்றுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் வராது.

வைரஸ் என்ன செய்கிறது?

வைரஸும் மிகச் சிறியது. அதற்குத் தனியாகப் பெருகத் தெரியாது. நம் செல்லுக்குள் நுழையும். தன் மரபணுவை அங்கே இறக்கிவைக்கும். அந்தக் கட்டளைப்படி நம் செல் புதிய வைரஸ்களைச் செய்யும். நமக்கு நோய் வரும்.

விஞ்ஞானிகள் இதைப் பார்த்து யோசித்தார்கள். செல்லுக்குள் சரக்கைக் கொண்டு சேர்ப்பதில் வைரஸ் கெட்டிக்கார வண்டி. வண்டியில் உள்ள கெட்ட சரக்கை எடுத்துவிடுவோம். நல்ல சரக்கை ஏற்றி அனுப்புவோம். நோய் தீர்க்கும் கட்டளையை அது செல்லுக்குள் கொண்டு போகட்டும்.

இது நமக்குப் புதிது அல்ல. கொரோனா காலத்தில் கோவிஷீல்டு ஊசி போட்டுக்கொண்டீர்களா? அதைத் தயாரித்தது புனேயில் உள்ள சீரம் நிறுவனம். அந்த ஊசியிலும் ஒரு வைரஸ்தான் வண்டி. சிம்பன்சி குரங்குக்குச் சளி பிடிக்க வைக்கும் வைரஸ் அது. பெருக முடியாதபடி அதை மாற்றியிருந்தார்கள். கொரோனாவின் ஓர் அடையாளத்தை மட்டும் அது உடம்புக்குக் காட்டியது. அது நம் மரபணுவை மாற்றவில்லை. ஆனால் இப்போது நாம் பேசும் சிகிச்சையில் செல்லின் மரபணுவோடு புதுக் கட்டளை சேர்க்கப்படுகிறது.

காவலாளிக்குக் கொடுத்த படம்

நம் இரத்தத்தில் காவலாளிகள் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு டி செல் என்று பெயர். கிருமி புகுந்த செல்லைக் கண்டால் அவை கொன்றுவிடும். ஆனால் புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நம் வீட்டுப் பிள்ளை கெட்டுப்போனது போல. அதனால் காவலாளி பல சமயம் அதை அடையாளம் காண்பதில்லை.

காவலாளியிடம் திருடனின் படத்தைக் கொடுத்தால்? அதுதான் இந்தச் சிகிச்சை. இதற்குக் கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். அது இப்படி நடக்கிறது:

முதலில் நோயாளியின் இரத்தம் ஓர் இயந்திரத்தின் வழியே போகிறது. டி செல்கள் அடங்கிய வெள்ளை அணுக்களை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொள்ளும். மீதி இரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும்.

அடுத்து, ஆய்வுக்கூடத்தில் அந்த டி செல்களோடு வைரஸைச் சேர்க்கிறார்கள். எச்.ஐ.வி. வகை வைரஸிலிருந்து செய்த வண்டி இது. பயப்பட வேண்டாம். நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டார்கள். இதனால் எய்ட்ஸ் வராது. இந்த வண்டி புதுக் கட்டளையை டி செல்லுக்குள் வைக்கிறது. உடனே டி செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கிறது. சில இரத்தப் புற்றுநோய் செல்களின் மேல் 'சி.டி.19' என்ற அடையாளம் இருக்கும். கொக்கி அதைத் தேடிப் பிடிக்கும்.

பிறகு அந்தச் செல்களைப் பெருக்குகிறார்கள். சோதிக்கிறார்கள். கடைசியில், இரத்தம் ஏற்றுவது போல அதே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். அவருடைய செல்லே அவருக்கு மருந்து. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

வந்த பாதை எளிதல்ல

1990 செப்டம்பரில் அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமிக்கு முதன்முதலாக மரபணு சிகிச்சை நடந்தது. அவளுக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. அவளுடைய டி செல்களை எடுத்து, வைரஸ் மூலம் நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள்.

1999-இல் பெரும் துயரம் நேர்ந்தது. வேறொரு மரபணு சிகிச்சைச் சோதனையில் 18 வயது இளைஞர் ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தார். வண்டியாகப் போன வைரஸை அவர் உடம்பு கடுமையாக எதிர்த்ததே காரணம். அதன்பின் விதிகள் கடுமையாயின. அவசரம் உயிரைக் குடிக்கும் என்று உலகம் கற்றது.

2012-இல் எமிலி ஒயிட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு அமெரிக்காவில் கார்-டி சிகிச்சை கொடுத்தார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத இரத்தப் புற்றுநோய் அவளுக்கு. அவள் பிழைத்தாள். வளர்ந்து கல்லூரிக்கும் போனாள். 2017-இல் அமெரிக்க அரசு இந்த வைத்தியத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கே செலவு 3 கோடி ரூபாய்க்கும் மேல். நம் நாட்டில் யாரால் முடியும்?

நம் நாட்டில் செய்து காட்டினார்கள்

ராகுல் புர்வார் என்பவர் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி செய்தவர். 2013-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகச் சேர்ந்தார். இந்தச் சிகிச்சையை இங்கேயே, குறைந்த செலவில் உருவாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். டாடா நினைவு மையத்தின் மருத்துவர்கள் கைகோத்தார்கள். ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நருலா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள்.

வைரஸ் வண்டியை வெளிநாட்டில் வாங்கினால் விலை மிக அதிகம். ஆகவே அதையும் இங்கேயே செய்யப் பழகினார்கள். முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். பிறகு எலிகளில் சோதித்தார்கள். மனிதர்களிடம் சோதிக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 19 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது.

2021 ஜூன் 4-ஆம் தேதி முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. இடம், நவி மும்பை கார்கரில் உள்ள டாடா மையத்தின் மருத்துவமனை. 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். மருந்தின் பெயர் நெக்ஸ்கார்19. அப்போது விலை சுமார் 40 லட்சம் ரூபாய்.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த பாட்டி பெருமூச்சு விட்டார். "3 கோடி எங்கே, 40 லட்சம் எங்கே. நல்லதுதான். ஆனால் நமக்கு 40 லட்சமும் எட்டாத உயரம்தானே அம்மா!"

பாட்டி சொன்னது உண்மை. பாதி வழிதான் கடந்திருக்கிறோம். செலவை இன்னும் குறைப்பதும், ஏழைக்கும் கிடைக்கச் செய்வதும் மீதி வழி. அது விஞ்ஞானியின் வேலை மட்டும் அல்ல. அரசும் மக்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

எல்லோருக்கும் பலிக்குமா?

இல்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெக்ஸ்கார்19 சில வகை இரத்தப் புற்றுநோய்க்கும், நெறிக்கட்டிகளில் வரும் சில வகைப் புற்றுநோய்க்கும் மட்டுமே. அதுவும் மற்ற மருந்துகள் பலிக்காதபோது, அல்லது நோய் திரும்பி வந்தபோது கொடுப்பது. மார்பகம், கருப்பை வாய், வாய், தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு இது மருந்து அல்ல.

சோதனையில் 64 பேர் கலந்துகொண்டார்கள். அதன் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. பலனைக் கணக்கிட முடிந்தவர்களில் 100-க்கு 73 பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. சிகிச்சையின் விளைவாகவே 2 பேர் இறந்தார்கள். காவலாளிகள் போரிடும்போது கடும் காய்ச்சல் வரலாம். இரத்த அழுத்தம் இறங்கலாம். நல்ல செல்கள் சிலவும் அழியும். ஆகவே பெரிய மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னேதான் இதைச் செய்ய வேண்டும்.

"ஒரே ஊசியில் எல்லாப் புற்றுநோயும் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகையை அடகு வைத்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வழக்கமான மருந்திலேயே குணமாகிறது. சீக்கிரம் வர வேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. காரணம் தெரியாத காய்ச்சல் நீடிக்கிறதா? முகம் வெளுக்கிறதா? ஈறில் இரத்தம் கசிகிறதா? கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி இருக்கிறதா? உடனே மருத்துவரிடம் போங்கள். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே பல சமயம் வழி காட்டிவிடும்.

அந்த அம்மா என்ன செய்தார்?

டீச்சர் அவரிடம் சொன்னார்: "அக்கா, உங்கள் அண்ணன் மகனுக்கு வந்திருப்பது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையாக அடுக்குங்கள். இந்தச் சிகிச்சை அவனுக்கு ஏற்றதா என்று மருத்துவர்தான் சொல்ல முடியும். பண உதவிக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்."

அந்த அம்மா நோட்டை எடுத்தார். கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் எல்லாம் அவரே எழுதியவை. மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டபோது அந்தத் தாள் அவர் கையில் இருந்தது.

கூடிப் பேசுவோம்

1. நோய் தரும் வைரஸ் எப்படி மருந்து சுமக்கும் வண்டி ஆகிறது?
2. ஒருவருக்காகச் செய்த டி செல் மருந்தை மற்றவருக்கு ஏன் கொடுக்க முடியாது?
3. விலை உயர்ந்த சிகிச்சை ஏழைக்கும் கிடைக்க என்ன செய்யலாம்?