முறுக்குக் கம்பியில் நிற்கும் மூக்கு

ஷெவர்லே சில்வராடோ 2500 எச்.டி. பிக்கப்பைக் காலியாக நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். லேசாக மூக்கைக் கவிழ்த்து நிற்கும். சரக்கு ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி வண்டி மட்டமாகட்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் சரக்கே ஏற்றாத அமெரிக்கர்கள் பலருக்கு அந்தக் கவிழ்ந்த மூக்கு பிடிப்பதில்லை. லீவு நாளில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, முன்பக்கத்தை உயர்த்திவிடுகிறார்கள்.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, நீளவாக்கில் இரண்டு எஃகுக் கம்பிகள்தான் எடையைத் தாங்குகின்றன. பெயர் டார்ஷன் பார். கம்பியின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் செருகியிருக்கும். பின்முனை 'கீ' என்ற கனத்த இரும்புத் துண்டில். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி ஈரத்துணி போல முறுகும், இறங்கினால் பிரியும். 1934-இல் வந்த சித்ரோயன் டிராக்ஷன் அவான் காரிலேயே இந்த உத்தி உண்டு.

கீயின் நுனியை ஒரு போல்ட் தாங்குகிறது. வண்டியின் அடிச்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அந்த போல்ட்டை முடுக்கினால் கீ திரும்பும், கீழ்க்கை தாழும். வண்டியை இறக்கினால் முகப்பு உயர்ந்திருக்கும். உடனே அளக்கக் கூடாது. கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினால்தான் சக்கரங்கள் தம் இடத்தில் உட்காரும். அளவை மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர நடுப்புள்ளிவரை எடுப்பதே சரி. டயரின் காற்றும் தேய்மானமும் அதில் குறுக்கிடாது.

கீயையே மாற்றுவதென்றால் விஷயம் வேறு. முறுகி நிற்கும் கம்பியின் விசையை அடக்க அதற்கென்றே கனத்த கிளாம்ப் உண்டு. கிடைத்ததை வைத்துச் சமாளித்தால், நழுவும் இரும்பு கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும்.

முடுக்கினால் கம்பி விறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, விறைப்பு மாறுவதில்லை. கீழ்க்கை நிற்கும் இடம்தான் மாறுகிறது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த இடத்தை உயரம் தின்றுவிடுகிறது. அதனால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல்கை, சட்டத்து ரப்பர் தடுப்பில் இடிக்கும்போது எழும் 'தடக்'கைத்தான் விறைப்பு என்கிறார்கள். சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் சி.வி. ஜாயின்ட்டும் கூடுதலாக மடங்கி, சீக்கிரம் தேயும். பேராசை கூடாத இடம் இது.

மட்டமானதும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். விட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். முகப்பு விளக்கையும் தாழ்த்த வேண்டும். அச்சுகளுக்கிடையே 3.6 மீட்டர் உள்ள வண்டியின் முன்பக்கம் 4 செ.மீ. உயர்ந்தால், 50 மீட்டர் தள்ளி வெளிச்சம் அரை மீட்டருக்கு மேல் ஏறி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.