மறுமுறை காணும்போது தெளியும் காவியம்

வீரசாகசக் கதைகளைப் பெரும்பாலோர் விறுவிறுப்புக்காகவே நாடுவர். முடிவு தெரிந்தபின் அவற்றின் சுவையும் தீர்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கும் திரைப்படங்களுள் ஒன்று, யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1954ஆம் ஆண்டில் அளித்த 'ஏழு சாமுராய்' என்பதாகும்.

கதை எளியது. விளைச்சலைக் கொள்ளையரிடம் பறிகொடுத்து வாடும் சிற்றூர்க் கமக்காரர், தலைவனை இழந்து அலையும் வீரர் எழுவரைச் சோறு மட்டுமே கூலியாகத் தந்து காவலுக்கு அமர்த்துகின்றனர். நாற்பது கொள்ளையர் வருகின்றனர், ஊர் காக்கப்படுகின்றது. 207 நிமிடங்கள் ஓடும் இப்படத்தை முதன்முறை காண்பவரின் உள்ளம், கொட்டும் மழையிலும் சேற்றிலும் நிகழும் இறுதிப் போரிலேயே நிலைத்துவிடும். அப்போரைக் குரோசாவா பல கமராக்களைக் கொண்டு ஒரே வேளையில் பதிவுசெய்தார்.

மறுமுறை காணும்போதோ சிறு செய்திகள் பெரிதாகத் தோன்றுகின்றன. கள்வனிடம் சிக்கிய குழந்தையை மீட்பதற்காக முதிய வீரர் கம்பெய் தம் தலையை மழித்துத் துறவி வேடம் பூணுகிறார். முன்னர் அது தந்திரமாகவே தெரிந்தது. குடுமி சாமுராயின் குலப்பெருமை என்பதை அறிந்தவருக்கு, அது தன்மானத்தையே துறந்த செயலாகும்.

வீரரென நடிக்கும் கிகுச்சியோவின் கோமாளித்தனமும் அவ்வாறே பொருள் மாறுகிறது. தோற்றோடிய வீரரைக் கொன்று கமக்காரர் கவர்ந்த கவசங்கள் வெளிப்பட்டவுடன் சாமுராய்கள் சினங்கொள்கின்றனர். கமக்காரரின் வஞ்சகத்தைப் பழித்துப் பேசத் தொடங்கும் கிகுச்சியோ, ஊரை எரித்தும் உணவைப் பறித்தும் அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கியவர்கள் சாமுராய்களே என்று குமுறுகிறான். கம்பெய்யின் கண்கள் கலங்குகின்றன. அவனும் கமக்காரன் மகனே என்பது அப்போது தெளிவாகிறது. அவன் முன்னர் சிரிப்பூட்டிய காட்சிகள் யாவும் மறுமுறையில் நெஞ்சை உறுத்துகின்றன.

அவன் காட்டும் வம்சச் சுருளின்படி அவன் பிறந்த ஆண்டு 1574, வயதோ பதின்மூன்று! சுருள் அவனுடையதன்று என்பதே நகைச்சுவை. ஆயினும் கதை நிகழும் காலத்தை அது உணர்த்திவிடுகிறது. 1588ஆம் ஆண்டில் தொயொதொமி ஹிதெயொஷி கமக்காரரின் ஆயுதங்களைப் பறிக்குமாறு ஆணையிட்டார். ஏரும் வாளும் ஒரு கையில் சேரும் வழி அத்துடன் அடைபடத் தொடங்கியது.

எழுவருள் நால்வர் மடிகின்றனர். நால்வரையும் வீழ்த்தியது வாளன்று, துவக்கு. கொள்ளையரிடம் இருந்தவை மூன்றே துவக்குகள். வாள்வித்தையில் நிகரற்ற கியூசோவும் முகம் காணாத பகைவனின் குண்டுக்கே இரையாகிறார். ஒரு யுகத்தின் முடிவை நெறியாளர் இவ்வாறு சொல்லாமற் சொல்கிறார்.

இறுதியில் ஊரார் பாடிக்கொண்டு நாற்று நடுகின்றனர். எஞ்சிய மூவரும் நான்கு புதைமேடுகளை நோக்கி நிற்கின்றனர். வெற்றி தமதன்று, உழவருடையதே என்கிறார் கம்பெய். முதன்முறை இச்சொல் சோர்வாகப் படலாம். படத்தை மீண்டும் கண்டவரோ, தொடக்கம் முதலே கதை இச்சொல்லை நோக்கி நடந்துவந்ததை உணர்வர்.