கடல் கடந்து வரும் கோப்பி இயந்திரம்

பழைய பொருளைப் பார்த்து வாங்குவதில் நம்மவர் வல்லவர். பழைய துவிச்சக்கர வண்டியாயின் சில்லைச் சுழற்றிப் பார்ப்போம். தையல் இயந்திரமாயின் ஒரு துணித்துண்டையேனும் தைத்துப் பார்ப்போம். பசுவாயின் பல்லையும் மடியையும் பாராமல் மடிச்சீலையை அவிழ்க்கமாட்டோம். ஆயின், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள எஸ்பிரெசோக் கோப்பி இயந்திரம் ஒன்றைப் படத்தில் மாத்திரம் கண்டு, ‘நன்றாக இயங்குகின்றது’ என்னும் ஒரு வாக்கியத்தை நம்பிப் பெருந்தொகை அனுப்பிவிடுகின்றவர்களும் இன்று நம்மிடையே உளர். கோப்பிக்கடை வைத்துப் பிழைக்க விரும்பும் இளைஞர் பலருக்குப் புதிய இயந்திரத்தின் விலை எட்டாக்கனி. வெளிநாட்டில் உறவினர் இருக்கின்றனர். அங்கே மூடப்பட்ட கடைகளின் இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வேறென்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

விற்பவர் பொய் சொல்வதாக நாம் கருதவேண்டியதில்லை. அந்த இயந்திரம் அங்கே, அந்த நாட்டு மின்சாரத்தில், அந்த ஊர்த் தண்ணீரில் நன்றாகத்தான் இயங்கியிருக்கும். இங்கே எவ்வாறு இயங்கும் என்பது வேறு கேள்வி. அதை விற்பவர் அறியார். வாங்குபவரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

இப்பொறி பிறந்த இடம் இத்தாலி. தூரின் நகரத்து அஞ்செலோ மொரியோந்தோ என்பவர் 1884 இல் நீராவியாற் கோப்பி வடிக்கும் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1901 இல் மிலான் நகரத்து லுயிஜி பெற்சேரா, கோப்பை கோப்பையாக வடிக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1961 இல் ஃபாயெமா நிறுவனத்தார் மின்பம்பி பொருத்திய இயந்திரத்தை வெளியிட்டனர். இன்று கடைகளிற் காணப்படுபவற்றுட் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. இவற்றில் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அமுக்கத்தோடு நீர் கோப்பித்தூளினூடே செலுத்தப்படுகின்றது. பாலை நுரைக்கச் செய்யும் நீராவிக்காகக் கொதிகலனில் உள்ள நீர் 120 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி நிற்கும். மின்சாரமும் அமுக்கமும் கொதிநீரும் ஒரே உறைக்குள் குடியிருக்கும் சிறு ஆலை இது என்பதை மறத்தலாகாது.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. அது செக்கனுக்கு 50 முறை திசைமாறி மீளும். கனடாவிலோ வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, செக்கனுக்கு 60 முறை. அங்கே 1,200 உவாற்று வலுவுள்ள வீட்டு இயந்திரம் ஒன்றின் சூடாக்கும் சுருளுக்கு 12 ஓம் தடை உண்டு. அதனை நேரே நம் மின்னிணைப்பிற் செருகினால் என்னாகும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் ஒரு நிமிடத்திற் கணித்துவிடுவர். 230 இன் வர்க்கத்தை 12 ஆற் பிரிக்க, 4,400 உவாற்றுக்குச் சிறிது மேல் வரும். ஏறக்குறைய நான்கு மடங்கு! சுருள் எரிந்துபோவதோடு நின்றால் அது நல்வினைப்பயன்.

‘நிலைமாற்றி ஒன்றை வாங்கி வோல்ற்றைக் குறைத்துவிடலாமே’ என்பர். குறைக்கலாம். ஆனால் 1,200 உவாற்றைத் தொடர்ந்து தாங்கவல்ல நிலைமாற்றி, பயணிகள் பையில் கொண்டுதிரியும் சிறு பெட்டியன்று. பெருவிலையும் பெருஞ்சுமையும் உடையது. மேலும், வோல்ற்றை மாற்றும் அக்கருவி மீடிறனை மாற்றாது. 60 முறைக்கென அமைந்த பொறிக்கு 50 முறையே கிடைக்கும். வீட்டு இயந்திரங்களில் உள்ள அதிர்வுப் பம்பி மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துடிப்பது. நிமிடத்துக்கு 3,600 முறை துடிக்கவேண்டியது இங்கே 3,000 முறையே துடிக்கும். அதன் சுருளும் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். கடைகளுக்குரிய பெரிய இயந்திரங்கள் கனடாவிலும் 208 முதல் 240 வோல்ற்று வரையில் இயங்குவன ஆதலின் வோல்ற்றுத் தொல்லை அவற்றிற் குறைவு. மீடிறன் தொல்லை அவற்றிலும் உண்டு. என்னைக் கேட்டால், இவ்விடயத்தில் ரொறன்ரோவில் இருக்கும் மாமனைவிட, சூரிச்சிலோ மெல்பேணிலோ இருக்கும் சித்தப்பாவே உதவக்கூடியவர். அந்நாடுகளின் மின்சாரம் நம்முடையதை ஒத்தது. எந்த நாட்டிலிருந்து வருவதாயினும், இயந்திரத்தின் அடியிலோ பின்புறத்திலோ உள்ள விவரத் தகட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ற்று, மீடிறன், உவாற்று யாவும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். 13 அம்பியர்ச் செருகி தாங்கக்கூடியது ஏறத்தாழ 3,000 உவாற்று மட்டுமே. அதற்கு மேற்பட்டதாயின் தனிக்கம்பி இழுக்கவேண்டும். அச்செலவும் இயந்திரத்தின் விலையே.

இனி, நம் நாட்டார் கனவிலும் கருதாத ஓர் ஆபத்து. என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கனடாவிலிருந்து இரண்டு குழாய்த்தலைகள் உள்ள பெரிய இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. தாயாரின் காப்பும் சீட்டுப் பணமும் அதற்குள் அடங்கியிருந்தன. மின்சார விடயங்களையெல்லாம் முன்னரே விசாரித்து வைத்திருந்தான். பெட்டியிற் கீறலும் இல்லை. ஆயினும் நீர் நிரப்பியவுடன் உள்ளிருந்து மூன்று இடங்களில் ஒழுகத் தொடங்கிற்று. “சேர், பெட்டி உடையேல்லை, உள்ளுக்கு மட்டும் எப்பிடி வெடிச்சது?” என்று வந்து கேட்டான். விசாரித்ததில், கடை மூடப்பட்டபின் ஒரு மாரிகாலம் முழுவதும் அவ்வியந்திரம் வெப்பமூட்டப்படாத கொட்டகையொன்றிற் கிடந்தது தெரியவந்தது. உள்ளே நின்ற நீரை எவரும் வடிக்கவில்லை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். அப்பெருக்கத்தைச் செப்புக் குழாய் தாங்காது, பிளந்துவிடும். கட்டி உருகியபின் வெளியே ஓர் அடையாளமும் இராது. குழாய்களை வெள்ளிப்பற்று வைத்து ஒட்டலாம். ஆனால் கொதிகலனின் மூட்டு ஒன்றும் விட்டிருந்தது. கடை திறக்க ஐந்து மாதம் தாமதமாயிற்று. இயந்திரம் எங்கே, எத்தனை காலம் வைக்கப்பட்டிருந்தது, நீர் வடிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் பணம் அனுப்புமுன் கேட்டல் நன்று. குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறி அமுக்கமானியின் முள் ஏறுவதுவரை ஒரே தொடர்ச்சியான காணொளியாகக் காட்டச் சொல்லுதல் அதனினும் நன்று.

குடாநாட்டில் வாழ்வோர் நீரைப்பற்றித் தனியே சிந்திக்கவேண்டும். நம் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் ஊறுபவை. கேத்தலின் அடியிற் படியும் வெண்பொருக்கை நம் தாய்மார் நன்கறிவர். அதே பொருக்கு இயந்திரத்தினுள் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துளைகளை அடைக்கின்றது; சூடாக்கும் சுருளைப் போர்த்து எரியச் செய்கின்றது. இவற்றுக்கு மாற்று உண்டு. காப்பு வால்வை அது இறுக்கிவிடுவதே அஞ்சத்தக்கது. கொதிகலனில் அமுக்கம் எல்லை மீறினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றவேண்டியது அவ்வால்வு. அது திறவாதாயின், 120 பாகையைக் கடந்த நீர் கணப்பொழுதில் ஆவியாகிச் சீறும். எதிரே நிற்பவன் கோப்பி வடிக்கும் பிள்ளை. ஆகவே, பழைய இயந்திரத்தின் காப்பு வால்வைச் சோதித்துப் பார்ப்பதில் காலத்தைப் போக்காமல், எடுத்தெறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துக. கொதிகலனையும் தேர்ந்த தொழிலாளர் ஒருவரைக் கொண்டு, வளியினால் அன்றிக் குளிர்நீரால் நிரப்பி அமுக்கச் சோதனை செய்வித்தல் வேண்டும். நீர் சுருங்காத பொருளாதலின், கலன் விட்டுக்கொடுத்தாலும் வெடித்துச் சிதறாது.

சுங்கத்தைப்பற்றி ஒரு சொல். தீர்வை, பொருளின் விலையோடு கப்பற்கூலியையும் காப்புறுதியையும் கூட்டி வரும் பெறுமதியின்மேற் கணிக்கப்படும். இயந்திரம் மலிவு, கூலி அதிகம் என்ற நிலையில் இது கணக்கையே புரட்டிவிடும். இறக்குமதி விதிகளும் அடிக்கடி மாறுவன. பொருளைக் கப்பலேற்றுமுன் விசாரிக்கவேண்டும், ஏற்றியபின் அன்று.

வந்து சேர்ந்த இயந்திரத்திலுள்ள சுண்ணாம்பைச் சித்திரிக்கமிலம் போன்றவற்றால் கரைத்துக் கழுவுவது வழக்கம். அலுமினியக் கலனாயின் அமிலம் உலோகத்தையும் அரிக்கும் என்பதைக் கவனிக்க. ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு கரைந்ததும் புதிய ஒழுக்கு வெளிப்படுவதும் உண்டு. வேறொன்றும் உளது. ஜேர்மனியின் சமஷ்டி இடர்மதிப்பீட்டு நிறுவகம் 2013 இல் சில கோப்பி இயந்திரங்களை ஆராய்ந்தபோது, எஸ்பிரெசோ வகையினவற்றிலே சுண்ணாம்பு நீக்கிய உடனே மிகுதியான ஈயம் நீரிற் கலந்து வருவதைக் கண்டது. பித்தளை உறுப்புகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அதுவரை அதனை மூடியிருந்த படிவு நீங்கியதும் அது வெளிப்படுகின்றது. ஆதலால் அமிலக் கழுவலுக்குப்பின் பல கலன் நீரைச் செலுத்தி வெளியே ஊற்றிவிடுக. முதலில் வடியும் கோப்பியையும் ஊற்றிவிடுக. வீட்டிற் குழந்தைகளுக்கு அந்த நீரிற் பால் கலந்து கொடுத்தல் கூடவே கூடாது.