திருவிழாப் படத்தில் எல்லோரும் சமமா? தேவாலயப் புகைப்படங்களைப் பார்க்க மூன்று கேள்விகள்

ஜூலை கடைசி வாரம் வந்தால் போதும், பினாங்கு நண்பர்களின் இன்ஸ்டாகிராம் முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாப் படங்கள் அவை. மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என நான்கு மொழிகளில் திருப்பலி நடக்கும். சிங்கப்பூர், தாய்லாந்திலிருந்தும் யாத்திரிகர்கள் வருவார்கள். சேலை கட்டிய தமிழ்ப் பாட்டியும், பக்கத்தில் சீனப் பையனும் ஒரே பவனியில் நடப்பார்கள்.

இப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் "அட, இங்கே எல்லோரும் சமம்" என்று தோன்றும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் ஒரு படம் சமத்துவத்தைக் காட்டுகிறதா, இல்லை ஏற்றத்தாழ்வை மறைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. யார் எங்கே நிற்கிறார்கள்?

பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதனால் இந்தக் கேள்விக்கு முதலில் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பு விசித்திரமானது. இரண்டு நீண்ட பகுதிகள், கால்சட்டையின் இரண்டு கால்கள் போல, பீடத்தில் வந்து சேரும். உயர்சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், நாடார்களும் மற்றவர்களும் இன்னொரு பக்கம். நடுவில் சுவர். பீடத்தில் இருக்கும் குருவை இரு தரப்பும் பார்க்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு போட்டோகிராபர் பீடத்தை மட்டும் படம் எடுத்திருந்தால், நமக்குக் கிடைப்பது ஓர் அழகான பக்திப் படம். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்திருந்தால் சுவரும் உள்ளே வந்திருக்கும். கேமரா பொய் சொல்லாமலே உண்மையை வெளியே விட்டுவிடலாம்.

சுவர்கள் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் இந்த நூற்றாண்டிலும் செய்தியானது.

அப்படிப்பட்ட சுவரின் படம் ஏன் முக்கியம்? இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டுமே. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம். வேதத்தில் சாதி கிடையாதுதான். ஆனால் கல்லறையில் சுவர் இருக்கிறதே! அந்த விவாதத்தில் சுவரின் படம் ஒரு சாட்சி.

மலாயாவுக்கு வந்த கப்பலில் சாதியும் சேர்ந்தே வந்தது. தோட்ட லயங்களில் சாதி பார்த்து வீடு பிரித்துக் கொடுத்த காலம் உண்டு. ஆகவே நம் ஊர் ஆலயத்தின் பழைய குரூப் போட்டோ கையில் கிடைத்தால், யார் நாற்காலியில், யார் பின்வரிசையில், யார் தரையில் என்று பாருங்கள். வரிசையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உயரம், வயது என்று வேறு காரணமும் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும், அவ்வளவுதான்.

2. யாருக்குப் பெயர் இருக்கிறது?

1860களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து போட்டோகிராபர் சுமார் 10 மாதங்கள் பினாங்கில் இருந்தார். பின்னாளில் சீனாவைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர். பினாங்கில் அவருக்கு உதவியாக இருந்து, படங்களை அச்செடுத்துக் கொடுத்தவர்கள் மதராஸிலிருந்து வந்த இரண்டு பேர். தாம்சன் 1875இல் வெளியிட்ட பயண நூலில் அவர்கள் வெறும் "மதராஸ் ஆட்கள்". தாம்சனின் பெயர் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பினாங்குப் புகைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே கைகொடுத்த அந்த இருவர் பெயரில்லாமல் போய்விட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு படமும் உண்டு. 1904ஆம் ஆண்டு, காங்கோ. அது அப்போது பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்து போல இருந்தது. ரப்பர் போதுமான அளவு வரவில்லை என்றால் ஊரே தண்டிக்கப்படும். ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரியிடம் ஒரு தகப்பன் வந்தார். கொல்லப்பட்ட ஐந்து வயது மகளின் கையும் பாதமும் மட்டும்தான் அவரிடம் மிஞ்சியிருந்தன. ஆலிஸ் அவரைப் படமெடுத்தார். தகப்பன் பெயர் ன்சாலா, மகள் பெயர் போவாலி என்றும் பதிவானது.

அந்தப் படம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாக மக்களுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து போனது. படம் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. காலனி ஆட்சியும் முடிந்துவிடவில்லை. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தத் தகப்பனை நாம் பெயர் சொல்லிப் பேசுகிறோம். "ஓர் ஆப்பிரிக்கர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது நடக்காது.

3. கேமரா யார் கையில்?

ஆலிஸ் நல்ல எண்ணத்தோடுதான் படம் எடுத்தார். ஆனாலும் எதை எடுப்பது, யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்தது வெளியிலிருந்து வந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்கள் கையிலேயே கேமரா இருந்தால் வேறு படங்களும் கிடைக்கும்: அழுகை மட்டும் இல்லாமல், சிரிப்பு, சமையல், பாடகர் குழுப் பயிற்சி எல்லாம்.

தமிழ்நாட்டில் எம். பழனி குமார் இதைச் செய்துகொண்டிருக்கிறார். அவர் மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவரே புகைப்படக் கலை கற்றுக்கொடுக்கிறார். அவருடைய படங்கள் தேவாலயத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் நம் ஆலயங்களுக்கும் அந்த வழி பொருந்தும். திருவிழா முடிந்தபின் நாற்காலி அடுக்குபவர், சமையல்கட்டில் இருப்பவர், வெளிநாட்டுத் தொழிலாளி ஆகியோரிடமும் ஒரு நாள் கேமராவைக் கொடுத்துப் பாருங்களேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• படம் எடுக்குமுன் கேளுங்கள். ஜெபத்தில் கண்மூடி இருப்பவரிடம் முன்பே கேட்க முடியாது. முடிந்தபின் படத்தைக் காட்டி, "வச்சிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

• சம்மதம் கிடைத்தால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். குருவானவர் பெயரை மட்டும் போட்டு, மற்றவர்களை "பக்தர்கள்" என்று விட்டுவிடாதீர்கள்.

• வீட்டுப் பழைய படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். தடம் முன்பக்கம் தெரியும்.

• வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு பதிவான தேதி, இட விவரங்கள் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

• பாட்டி, தாத்தாவிடம் இந்த வாரமே கேளுங்கள். கடைசி வரிசையில் நிற்பவரின் பெயர் அவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.