இல்லாத கையும் இருக்கும் வலியும்

"ஏலே, விரலெல்லாம் மடங்கிக் கிடக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. விரிக்க முடியலையே!"

நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து இப்படிச் சொன்னவர் என் பெரியப்பா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி அன்றைய பம்பாய்க்கு வந்து, நாற்பது ஆண்டுகளாகத் தாராவியிலேயே வாழ்பவர். விரல் மடங்கிக் கிடப்பதாக அவர் சொன்ன இடக்கை, முழங்கைக்குக் கீழே இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில், தகடு வெட்டும் எந்திரத்தில் சிக்கிச் சிதைந்த அந்தக் கையை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

இல்லாத கைக்கு விரல் ஏது? நகம் ஏது? வலிதான் ஏது? வீட்டில் ஒருவர் 'பிரமை' என்றார். மற்றொருவர் மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொன்னார். நட்டஈடு கூடுதலாகக் கேட்பதற்குப் போடும் நாடகம் என்று தெருவில் பேசியவர்களும் உண்டு. விஞ்ஞானம் படிக்கும் நானோ, "இல்லாத கை எப்படிப் பெரியப்பா வலிக்கும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அன்று முதல் அவர் வலியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வலி நிற்கவில்லை, பேச்சுத்தான் நின்றது.

என் கேள்வியே பிழையானது என்பதைப் பிறகு படித்துத்தான் அறிந்தேன். அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காண்பது கண்ணா, மூளையா?

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு வெள்ளைத் தாளில் கூட்டல் குறி ஒன்று இடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே உற்று நோக்குங்கள். தாளை ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் அந்தக் கரும்புள்ளி மறைந்துவிடும்!

விழித்திரையில் உள்ள நரம்புகள் எல்லாம் ஒன்றுகூடிக் கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில், ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. இதனைக் குருட்டுப் புள்ளி என்கிறோம். பிரெஞ்சு அறிஞர் மாரியோட் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்தார். ஆனால் வியப்பு புள்ளி மறைவதில் இல்லை. மறைந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாளே தெரிகிறது. அக்கம்பக்கத்தைக் கொண்டு மூளை அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறது. பிறந்த நாள் முதல் நம் இரு கண்களிலும் இந்த ஓட்டை இருக்கிறது. நாம் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை.

மூளை மண்டையோட்டுக்குள் இருட்டறையில் இருக்கிறது. ஒளி அங்கே நுழைவதில்லை, ஓசையும் நுழைவதில்லை. நரம்புகளின் வழியே ஓயாமல் வந்து சேரும் மின்துடிப்புகளே அதற்குக் கிடைக்கும் செய்தி. அத்துடிப்புகளை வைத்துக்கொண்டு, "வெளியே இன்னது இருக்க வேண்டும்" என்று அது முடிவு கட்டுகிறது. அம்முடிவையே நாம் உலகம் என்று காண்கிறோம். உலகுக்கு மட்டுமா இது பொருந்தும்? நம் உடலுக்கும் இதுவே விதி.

மூளைக்குள் ஓர் உடல்

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். காக்காய் வலிப்பு நோயாளிகளுக்கு மூளையில் அறுவை செய்யும்போது அவர்களை விழித்திருக்கச் செய்வார். மூளைக்கு வலி தெரியாது. ஆகையால் இது இயலும். மூளையின் மேற்புறத்தில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, "என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்பார். ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரலில் உணர்ச்சி. சற்றுத் தள்ளித் தொட்டால் உதட்டில் உணர்ச்சி. இவ்வாறு தொட்டுத் தொட்டு, உடல் முழுவதற்கும் மூளையில் ஒரு படம் இருப்பதை 1937இல் வெளியிட்டார்.

அந்தப் படம் விசித்திரமானது. அதில் முதுகு சிறியது. உதடும் கையும் மிகப் பெரியவை. முகத்துக்கு அடுத்த வீடு கழுத்து அன்று, கை! இந்த அக்கம்பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பை இழந்தவர்களுள் பெரும்பாலோர் அது இன்னும் இருப்பதாகவே உணர்கின்றனர். பலருக்கு வலியும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த வைர் மிட்செல், 1871இல் இதற்கு ஒரு பெயரே சூட்டினார். நாம் அதை 'மாய உறுப்பு' எனலாம். என் பெரியப்பா புதிதாக ஒன்றையும் கற்பித்துவிடவில்லை. அவருக்கு முன்னே ஆயிரமாயிரம் பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

சென்னை மாணவரும் பஞ்சுக் குச்சியும்

இத்துறையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வி.எஸ். இராமச்சந்திரனே அவர்.

கையிழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியால் முகத்தைத் தொட்டார் இராமச்சந்திரன். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டதும், "என் கட்டைவிரலையும் தொடுகிறீர்கள்" என்றார் அவர். வேறோரிடத்தைத் தொட்டால் சுண்டுவிரல். முகத்திலேயே இல்லாத கையின் படம் முழுதும் விரிந்தது! 1992இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

இதற்கு அவர் கூறிய விளக்கத்தைத் தாராவிக்காரர்களாகிய நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு வீடு காலியாகிறது. பக்கத்து வீட்டார் மெல்ல அங்கே குடியேறிவிடுகிறார்கள். ஆனால் கதவில் தொங்கும் பெயர்ப்பலகை பழையது. கைக்குரிய இடத்தில் முகத்தின் நரம்புச் செய்தி நுழைகிறது. மூளையோ பழைய பலகையைப் படித்து, "கையிலிருந்து செய்தி" என்கிறது.

குடியேற்றம் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதில் இன்றும் வாதம் உண்டு. தாமார் மாகின் என்பவரும் அவருடைய தோழர்களும் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கையை இழந்த பிறகும் மூளையில் கைக்குரிய பகுதி பெரிதும் கைக்குரியதாகவே நீடிப்பதைக் காட்டியது. வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் தம் பங்குக்கு வலியை எழுப்புகின்றன. எனினும் ஒன்றில் ஐயமில்லை: கை போனாலும் கையின் படம் போவதில்லை.

ஆறணாக் கண்ணாடியின் அற்புதம்

மாயக்கை சிலருக்கு ஏன் இறுக மூடிக்கொள்கிறது? "மூடு" என்று மூளை கட்டளையிடுகிறது. கை இருந்தால், "மூடியாயிற்று, போதும்" என்று பதில் வரும். கையில்லாதவனுக்குப் பதில் வருவதில்லை. ஆகவே கட்டளை மேலும் மேலும் ஓங்குகிறது. இஃது இராமச்சந்திரனின் கருத்து.

பதில்தானே வேண்டும்? அதைக் கண்ணின் வழியே அனுப்பினால் என்ன என்று எண்ணினார் அவர். மூடியில்லாத ஒரு பெட்டி. அதன் நடுவே நிமிர்த்தி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான் கருவி! இருக்கும் கையைக் கண்ணாடியின் முன்னே நீட்ட வேண்டும். அதன் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இருக்கும் கையை விரித்தால் இரண்டு கைகளும் விரிவதாகக் கண் சாட்சி சொல்லும். பத்து ஆண்டுகளாக அசையாதிருந்த மாயக்கை அசைந்துவிட்டதென்று ஒரு நோயாளி கூவினார். கண்ணை மூடியதும் அது மீண்டும் உறைந்தது.

2007இல், காலிழந்த அமெரிக்கப் படைவீரர்களை மூன்று பிரிவாக்கி நான்கு வாரம் நடத்திய சோதனை ஒன்று வெளிவந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற பிரிவில் அனைவருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன்னும், மனக்கற்பனையாலும் பயின்றவர்களுள் பலருக்கு வலி கூடிற்று. எண்ணிக்கையில் சிறிய சோதனைதான். பின்வந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவுமில்லை. ஆயினும் ஒரு பிம்பம் உண்மையான வலியைத் தணிக்கக்கூடும் என்பது சிறிய செய்தியா?

அப்படியானால் 'நான்' யார்?

"இஃது உறுப்பிழந்தோர் கதை, நமக்கென்ன?" எனக் கருத வேண்டாம். 1998இல் பாட்வினிக், கோஹென் என்னும் இருவர், முழுக் கையுடையவர்களிடமே ஒரு சோதனை செய்தனர். ஒருவருடைய கையைத் திரைக்குப் பின்னே மறைத்து, எதிரே ஒரு ரப்பர்க் கையை வைத்தனர். இரண்டையும் ஒரே சமயத்தில் தூரிகையால் வருடினர். சிறிது நேரத்தில், ரப்பர்க் கையிலேயே தொடுவுணர்ச்சி எழுவதாகவும், அது தம் கையே போலிருப்பதாகவும் அவர்கள் உணர்ந்தனர்!

'இது என் கை' என்பதைவிட உறுதியான உண்மை வேறென்ன இருக்கிறது? அதுவும் மூளை கணத்துக்குக் கணம் எழுதும் தீர்ப்பே. கண்ணும் தோலும் தசையும் சொல்லும் சாட்சியங்களை ஒத்துப் பார்த்து, "இது நான், இது நானல்லாதது" என்று அது கோடு கிழிக்கிறது.

அதனால் எல்லாமே மாயை என்று சொல்லிவிடலாமா? கூடாது. மாதுங்கா நிலையத்தில் விரைந்து வரும் மின்வண்டி மூளையின் கற்பனை அன்று. அப்படி எண்ணித் தண்டவாளத்தில் நிற்பவன் பிழைக்கமாட்டான். மூளை வரையும் படம் பொய்ப்படம் அன்று. உலகத்தோடு ஓயாமல் ஒத்துப் பார்த்துத் திருத்தப்படும் படம். திருத்துவதற்குரிய செய்தி நின்றுபோகும்போதே அது தடுமாறுகிறது. 'நான்' என்னும் உணர்வு முழுவதையும் இவ்வாறே விளக்கிவிட முடியுமா என்பது இன்னும் முடியாத வழக்கு. நம்மில் எவரேனும் அதில் வாதாட முன்வரலாம்.

நான் சொல்ல வந்தது இதனினும் சிறியது. வலி என்பது எப்போதும் மூளையில்தான் உணரப்படுகிறது. இருக்கும் கையின் வலியும் அப்படியே. ஆகவே 'இல்லாத கையின் வலி' என்பது இல்லாத வலி அன்று.

சென்ற விடுமுறையில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டியும் கண்ணாடியும் வாங்கிப் பெரியப்பாவின் முன் வைத்தேன். முதலில் சிரித்தார். பிறகு வலக்கையை மூடினார், மெல்ல விரித்தார். மூன்றாம் முறை விரித்தபோது கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "விரிஞ்சிட்டுலே" என்றார்.

வலி அடியோடு போய்விடவில்லை. சில இரவுகள் உறங்குகிறார். சில இரவுகள் உறங்குவதில்லை. உறங்காத இரவுகளில், "இன்னைக்கு மடங்கிட்டுலே" என்று என்னை எழுப்புகிறார். நின்றுபோன பேச்சு திரும்பி வந்திருக்கிறது. நானும் எழுந்து கண்ணாடியை எடுத்து வைக்கிறேன்.