பெட்டி பிரிக்காத கரி அடுப்பு

மௌத்தானவரின் மனைவி இத்தா என்ற காத்திருப்பில் இருக்கும் 4 மாதமும் 10 நாளும் கழியும்வரை பரணையும் அலுமாரியையும் கிளற யாருக்கும் மனம் வராது. பிறகு கிளறும்போது பழைய பயணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சவூதிக் கம்பளி, திறக்காத கோப்பைத் தொகுதி, மூடி இறுகிய தெர்மோஸ். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவைப் போல வளைகுடா உழைப்பில் வீடு கட்டிய ஊரில் இவற்றோடு கட்டிய கயிறுகூட அவிழாத பாபிகியூ அடுப்பு ஒன்று கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்குள்ளவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இப்படி ஓர் அடுப்பைப் பாலைவனத்துக்கு எடுத்துச்சென்று ஆட்டிறைச்சி சுடுவதைக் கண்ட வாப்பா, பிள்ளைகளுக்கும் அப்படிச் சுட்டுக் கொடுக்கலாம் என்று வாங்கியிருப்பார். உம்மா அதை நல்ல நாளைக்கென்று எடுத்து வைத்திருப்பார். கரையில் மீன் சுட மூன்று கல்லும் கொஞ்சம் சிரட்டையும் போதும் என்ற ஊரில் அந்த நல்ல நாள் வராமலே போயிருக்கும்.

இப்படிப்பட்ட பெட்டிகளில் பல, பாதை என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏறி வந்தவை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி நிதியில் கட்டப்பட்டு 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது.

அடுப்பு எவ்வளவு பழையது என்பதில் வீட்டுக்கு வீடு கதை பெருகும். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்பார்கள். பிரித்தானியக் கடற்படை 1957 இல் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது உண்மை. ஆனால் அடுப்பு உருண்டையாக, மூடியோடு இருந்தால் அந்தக் கதையைச் சற்று நிறுத்திக் கேட்பது நல்லது. அந்த வடிவம் பிறந்ததே 1952 இல், அமெரிக்காவின் சிக்காகோவில். வெபர் பிரதர்ஸ் என்ற உலோக வேலைத்தளத்தில் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை செய்தார். துறைமுகங்களில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளுக்காக, அரைக் கோளங்களை ஒட்டி உருண்டையாக்குவது அங்கு ஒரு வேலை. திறந்த அடுப்பில் காற்றும் மழையும் படுத்திய பாட்டில் சலித்துப்போன அவர், அரைக் கோளம் ஒன்றைக் கால்கள் வைத்து அடுப்பாக்கி, இன்னொன்றை மூடியாக்கினார். மூடினால் நெருப்பு அணைந்தது. காற்றுத் துளை வைத்த பிறகுதான் கரி எரிந்தது. பின்னாளில் அக்கம்பக்கத்தார் அதை ஸ்புட்னிக் என்று கேலி செய்தார்களாம். துறைமுக மிதவையின் வயிற்றில் பிறந்த அடுப்பு கடைசியில் துறைமுக மாவட்டத்துப் பரணில் வந்து கிடப்பது பொருத்தம்தான்.

கண்டெடுத்தவர் உடனே அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம்களின் சொத்தை அவரவர் மத்ஹப் என்ற சட்டப் பிரிவின்படி பங்கிடச் சொல்கிறது 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அடக்கச் செலவும் கடனும் கழிந்தபின் மிஞ்சுவதில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. காணிக்கும் வீட்டுக்கும் உள்ள இந்தக் கணக்கு பரணில் கிடக்கும் அடுப்புக்கும் உண்டு. அடுப்பை எட்டாக வெட்ட முடியாது என்பதால் விலை மதித்து ஒருவர் எடுக்கலாம், அல்லது எல்லோரும் மனமொத்து விட்டுக்கொடுக்கலாம். பழைய பொருள் சேர்ப்பவர்கள் பெட்டி பிரிக்காததற்குக் கூடுதல் விலை தருவார்கள். அதனால் மூலப்பெட்டியையும் உள்ளே இருக்கும் விளக்கத் தாளையும் எறியாமல் வைப்பது எல்லா வாரிசுகளுக்கும் நல்லது.

பாவிக்காத சாமான் என்றால் பழுதில்லாத சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்கரை ஊரில் அது பொய். உப்புக் காற்றுக்குப் பெட்டி ஒரு தடையே அல்ல. முதலில் திருகாணிகளும் கால்கள் பொருந்தும் இடங்களும் துருவேறும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த வீட்டுச் சாமான் என்றால் அடித்தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை தெரிந்தால் அதில் கரி போட முடியாது. எனாமல் பூச்சு என்பது உருக்கில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. அது கெடுவது குறைவு, ஆனால் உதிர ஆரம்பித்தால் சில்லுகள் சாப்பாட்டில் விழும். மூடியின் விளிம்பில் வெள்ளை நார்க் கயிறு போல ஏதாவது இருந்தால் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும். பழைய வெப்பச் சாதனங்களில் கல்நார் பாவிக்கப்பட்டதுண்டு, அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

கம்பித் தட்டு காணாமல் போயிருந்தால் பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டை வைப்பது பலருக்குத் தோன்றும் யோசனை. மோசமான யோசனை. அவற்றில் சிலவற்றுக்குக் கட்மியம் பூசப்பட்டிருக்கும், சூட்டில் அது நஞ்சாகும். நாகம் பூசிய கம்பிவலையும் வேண்டாம். நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகும், கரித் தணல் அதைவிடச் சூடானது.

வாயு அடுப்பு என்றால் தொல்லை வேறு மாதிரி. ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கும், எரிகுழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும், வெளிநாட்டு இணைப்பு இங்குள்ள சிலிண்டருக்குப் பொருந்தாது. 2021 இறுதியில் நாடெங்கும் வீடுகளில் வாயு அடுப்புகள் வெடித்த செய்திகளைப் படித்தவர்கள், கயிறு கட்டிச் சமாளிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று புரிந்துகொள்வார்கள். அடுத்த ஆண்டு வாயுவுக்கு வரிசையில் நின்றபோது எந்தப் பரணிலாவது ஒரு கரி அடுப்பு சும்மா கிடந்திருந்தால், அதைவிட வீணான சாமான் இருந்திருக்க முடியாது.

சோதனையில் தேறிய கரி அடுப்பை முதலில் சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு கழுவ வேண்டும். தட்டின் மேல்துரு தேசிக்காய்ச் சாற்றுக்கும் உப்புக்கும் போகும். கம்பித் தூரிகை வேண்டாம், அதன் முறிந்த கம்பி மீனில் ஒட்டித் தொண்டைக்குப் போய் வைத்தியசாலை வரை போனவர்கள் உண்டு. தும்பு போதும். பிறகு சாப்பாடு எதுவும் வைக்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாக எரியவிட்டால் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிந்து போகும். மாரிமழைக்கு ஒதுங்கி அடுப்பை அறைக்குள் இழுக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, மூடிய அறையில் உயிரைக் குடிக்கும்.

எரிபொருளுக்கு அலைய வேண்டியதில்லை. சிரட்டைக் கரியை ஏற்றுமதி செய்யும் நாடு இது. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் மஞ்சளும் மிளகும் உப்பும் தடவிய பாரை மீனை வைத்து மூடினால், திறந்த அடுப்பில் காய்ந்துபோகும் மீன் இதில் ஈரம் குறையாமல் வேகும். மேல் துளையைத் திறந்தே வைத்து, கீழ்த் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினால் சூடு குறையும்.